அப்பாவின் பென்ஸ் காரை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47, தனியார் நிறுவனத்தில் வேலை. அவருடைய அப்பா பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை நடத்தி முன்னுக்கு வந்தவர். 2011-ல் ஆசைப்பட்டு ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் இ கிளாஸ் டீசல் கார் வாங்கினார். அன்றைக்கே 50 லட்சத்துக்குப் பக்கமான விலை. இரண்டு வருடங்களுக்கு முன் அப்பா காலமாகிவிட்டார். அதிலிருந்து கார் உறை போட்டு ஷெட்டில் நிற்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் அம்மா உறையை எடுத்துத் துடைக்கச் சொல்லி, ஸ்டியரிங்கில் சந்தனம் குங்குமம் வைக்கிறார். பழைய கார் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து "நாலரை லட்சம் தரலாம்" என்றபோது குடும்பத்துக்கே மனம் நொந்துபோயிருக்கிறது. "விற்க வேண்டாம்டா, யாருக்காவது நல்லபடியாகப் பயன்படட்டும்" என்று அம்மா சொல்ல, மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இங்கேதான் அவருக்குக் கேள்விகள். டல்லஸில் இருக்கும் மச்சினர், "காரை சாரிட்டிக்குக் கொடுத்தால் வரியில் கழித்துக்கொள்ளலாம், நான் இங்கே அப்படித்தான் செய்தேன்" என்கிறார். கார் குறைந்தது 12 லட்சம் பெறும், அந்தத் தொகைக்கு வரிச் சலுகை கிடைக்குமா என்பது முதல் கேள்வி. இல்லத்தின் சார்பில் வந்த ஒருவர், "ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், பெயர் மாற்றத்தை நாங்கள் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்றாராம். அது சரியா? 15 வருடம் ஆகப் போகிறதே, உடைத்துத்தான் ஆக வேண்டுமா? இல்லம் வேண்டாம் என்றால் அரசு மருத்துவமனைக்குக் கொடுக்கலாமா? கடைசியாக, காரை எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது, பின் கண்ணாடியில் அப்பா பெயர் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ள முடியுமா?

கடிதத்தில் ஓரிடத்தில் போகிற போக்கில், "ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. நான் ஒரே மகன் என்பதால் அதில் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன். ஒரே தங்கை, சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கி அங்கேயே இருக்கிறாள்" என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த வரியில்தான் எல்லாமே இருக்கிறது. வரி, 15 வருடம், நிபந்தனை எல்லாம் அப்புறம்.

கார் இன்னும் உங்களுடையது ஆகவில்லை

உங்கள் அப்பா உயில் எழுதியதாகக் கடிதத்தில் இல்லை. அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. வீடு, நிலத்துக்குத்தான் இந்தக் கணக்கு, காருக்கெல்லாம் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். காரும் சொத்துதான். ஒரே மகன் என்பதால் அது தானாக உங்களுக்கு வந்துவிடாது. உங்கள் பங்கை நீங்கள் தானம் செய்யலாம். தங்கையின் பங்கை அவர் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது.

மனஸ்தாபம் எதுவும் இல்லை என்று தெரிகிறது, ஆகவே இது தீர்க்க முடியாத விஷயம் அல்ல. வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாங்குங்கள். அம்மாவும் தங்கையும் "இந்தக் கார் இவர் பெயருக்கு மாற எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். தங்கை அதைச் சிங்கப்பூரிலேயே கையெழுத்திட்டு, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அப்புறம் ஃபாரம் 31-ல் விண்ணப்பித்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் இந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் இரண்டு வருடம் தாண்டிவிட்டீர்கள். தாமதத்துக்குக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டிவரும், அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை.

தங்கை விஷயத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. அவர் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றவர். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். அவர் நேரடியாக இல்லத்துக்குப் பணமோ பொருளோ கொடுத்தால், அதை வாங்க அந்த இல்லத்துக்கு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு (எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு) இருக்க வேண்டும். பல சிறிய இல்லங்களுக்கு அது கிடையாது. மூவரும் சேர்ந்து தானப் பத்திரம் எழுதுவதாகவும் கடிதத்தில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறீர்கள்; அது நல்ல மனதில் வந்த யோசனை, ஆனால் இல்லத்தைத்தான் சிக்கலில் மாட்டிவிடும். தங்கை தன் பங்கை முதலில் உங்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும். உறவினருக்குள் நடப்பதற்கு அந்தச் சட்டத்தில் தடை இல்லை. பிறகு கொடுப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும்.

அப்படியே ஆர்.சி.யின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். வங்கிக் கடனில் வாங்கிய கார் என்றால், கடன் அடைந்து பத்து வருடம் ஆகியும் ஹைபோதிகேஷன், அதாவது கார் வங்கிக்கு அடமானம் என்ற குறிப்பு நீக்கப்படாமல் இருக்கலாம். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இருந்தால் வங்கியிடம் ஆட்சேபம் இல்லை என்ற சான்றும் (என்.ஓ.சி.) ஃபாரம் 35-ம் வாங்கி நீக்க வேண்டும். கட்டாத அபராதச் சலான் இருந்தாலும் பெயர் மாற்றம் நகராது.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம்: கூடவே கூடாது

இந்த ஒரு விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். சாவியையும் கையெழுத்திட்ட படிவங்களையும் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பொருளைக் கையளிப்பதாலேயே அசையும் சொத்தின் தானம் நிறைவேறிவிடும் என்று சொத்து மாற்றச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் விபத்து நடந்தால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இது. ஒருவர் தன் காரை 2007-ல் விற்றுவிட்டார். கார் அடுத்தடுத்துப் பல கை மாறியது, ஆனால் யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-ல் விபத்து நடந்தது. காரை விற்று இரண்டு வருடம் ஆயிற்று, எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று முதல் உரிமையாளர் வாதாடினார். பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறது, இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், கார் யார் யார் கைக்குப் போனது என்று துரத்திக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் நியாயம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

உங்கள் காருக்கு இப்போது இன்சூரன்ஸ் வேறு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லத்து டிரைவர் ஒரு நாள் யார் மீதாவது இடித்துவிட்டால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இழப்பீடு லட்சக்கணக்கில் போகலாம், கட்ட இன்சூரன்ஸ் கம்பெனியும் இருக்காது. தானம் கொடுத்த கையோடு கோர்ட்டு வாசலில் நிற்பதா?

உங்களிடம் கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று சொல்லவில்லை. ஆனால் வெற்றுப் படிவம் புரோக்கர்களின் பழக்கம். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு காரை யாருக்கு வேண்டுமானாலும் கைமாற்றலாம். சரியான வழி இதுதான்: இல்லத்தை நடத்தும் அறக்கட்டளை, காரை ஏற்றுக்கொள்வதாக அறங்காவலர்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் தரட்டும். ஃபாரம் 29, 30-ல் அறக்கட்டளையின் பெயரை நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். கொடுத்த 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் அவர்கள் தெரிவிக்க வேண்டும். என்னைக் கேட்டால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். புது ஆர்.சி. அவர்கள் பெயரில் வந்து, அவர்கள் பெயரில் இன்சூரன்ஸ் போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள். பழைய ஃபாஸ்டேக்கையும் மறக்காமல் மூடிவிடுங்கள். அது இன்னும் அப்பாவின் வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கலாம்.

மச்சினர் சொன்னது அமெரிக்காவுக்குச் சரி

அவர் பொய் சொல்லவில்லை. அங்கே பழைய காரை அற நிறுவனத்துக்குக் கொடுப்பது சாதாரண வழக்கம். அவர்களே வந்து இழுத்துக்கொண்டு போய், ஏலத்தில் விற்று, வரிக் கணக்கில் காட்டுவதற்கான படிவம் 1098-சி அனுப்புவார்கள். ஆனால் அங்கேயும் ஆளாளுக்கு ஒரு மதிப்பைப் போட்டுக் கழிப்பது அதிகமாகிப்போய், 2005 முதல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். நிறுவனம் காரை விற்றுவிட்டால், பொதுவாக அது என்ன விலைக்குப் போனதோ அந்தத் தொகைதான் கழிவு.

இந்தியாவில் அந்த வழியே கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்படி பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டுமே வரிக்கழிவு. கார், அரிசி, துணி, கம்பெனிப் பங்கு என்று பொருளாக எதைக் கொடுத்தாலும் கழிவு இல்லை. (புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவின் எண் வேறு. எல்லோரும் இன்னும் 80ஜி என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.) அதாவது காரின் மதிப்பு 12 லட்சமா நாலரை லட்சமா என்ற விவாதமே உங்கள் வரிக் கணக்கில் எழாது. இரண்டுக்கும் விடை பூஜ்யம்.

காரை விற்று அந்தப் பணத்தைக் கொடுத்தால்? அப்போது 80ஜி உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு அல்ல. நீங்கள் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். இப்போது தானாகவே பொருந்தும் புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. உங்கள் வருமானம், மற்ற கழிவுகள் போக, 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் அந்த வருமானத்தின் 10 சதவீதம், அதாவது 1.8 லட்சம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் பாதி, 90,000 ரூபாய்தான் கழிவு. 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்தால் மிச்சமாவது 28,080 ரூபாய். நாலரை லட்சத்தை ஒரே தவணையில் கொடுத்தால் இவ்வளவுதான். மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் கொடுத்தால் இரண்டு நிதியாண்டுகளிலும் தனித்தனியாகக் கழிக்கலாம். ஆனால் இதற்காகப் புதிய முறையிலிருந்து பழைய முறைக்கு மாறுவது லாபமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பலருக்கு அது நஷ்டத்தில்தான் முடிகிறது.

பணம் கொடுப்பதென்றால் காசோலை அல்லது வங்கி வழியாகவே கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. இல்லத்துக்கு 80ஜி அங்கீகாரம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். ரசீதுப் புத்தகத்தில் கிழித்துத் தரும் சீட்டு போதாது. உங்கள் பான் எண்ணோடு நன்கொடையை அவர்கள் துறையில் பதிவு செய்து, அதிலிருந்து எடுத்த சான்றிதழைத் தர வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. கார் அப்பாவின் பட்டறைக் கணக்கில் இருந்து, தேய்மானம் கழித்திருந்தால் கதை வேறு. பழைய கணக்குகளைப் புரட்டி அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

15 வருடமும் அரசு மருத்துவமனையும்

15 வருடம் ஆனதும் காரை உடைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் தனியாருக்குச் சட்டம் இல்லை. டீசலுக்கு 10 வருடம் என்று நீங்கள் கேள்விப்பட்டது டெல்லியையும் சுற்றியுள்ள பகுதிகளையும் பற்றியது. இங்கே 15 வருடம் முடியும்போது ஃபாரம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இறக்குமதி கார் என்று பதிவாகியிருந்தால் அப்போதே 40,000. இ கிளாஸ் புனே பக்கம் சாகனில் பூட்டப்பட்ட கார் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை அநேகமாக இருக்காது. ஆனாலும் ஆர்.சி.யைப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் கட்டணங்கள் திருத்தப்பட்டிருப்பதால், இன்றைய தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசு மருத்துவமனை யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், பொதுத்துறை நிறுவனங்கள் பெயரில் இருக்கும் வாகனங்களின் பதிவை 15 வருடத்துக்குப் பிறகு புதுப்பிக்க முடியாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. உங்கள் பெயரில் ஓடக்கூடிய அதே கார், அரசு பெயருக்குப் போனால் சில மாதங்களில் பழைய இரும்பாகிவிடும்.

இனி, காரையே கொடுக்க வேண்டுமா?

இது சட்டக் கேள்வி இல்லை. ஆனாலும் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது இதுதான்.

இரண்டு வருடம் நின்ற கார். பேட்டரி போயிருக்கும், ஒரே இடத்தில் நின்ற டயர்கள் தட்டையாகியிருக்கும், எலி வயரைக் கடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. சாலைக்குக் கொண்டுவரவே நல்ல தொகை ஆகும். அதற்கப்புறம் ஒவ்வொரு சர்வீஸும் ஒவ்வொரு உதிரிபாகமும் பென்ஸ் விலையில்தான் வரும். நன்கொடையில் அரிசி வாங்கும் இல்லம் அதைத் தாங்குமா? முட்டி வலியோடு இருக்கும் பாட்டிகளுக்கு, தாழ்வான செடான் காரில் குனிந்து ஏறி இறங்குவது பெரும்பாடு. உங்கள் கடிதத்தில் "ஆம்புலன்ஸ் மாதிரி வைத்துக்கொள்ளட்டும்" என்றிருக்கிறது. ஆம்புலன்ஸுக்குத் தனித் தரநிர்ணயம் உண்டு, இந்தக் காரை அப்படிப் பதிவு செய்ய முடியாது.

எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது என்று எழுதி வாங்கினாலும், அப்படி முழுத் தடை போடும் நிபந்தனை சட்டப்படி செல்லாது. அதை மீறினால் வழக்குப் போட்டு நிறைவேற்றுவது நடக்காத காரியம். அதைவிட, ஓட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் அந்தக் கார் அவர்கள் வாசலில் வெயிலில் நிற்கும். அப்பா பெயர் எழுதிய கார் அப்படி நிற்பதை அம்மா பார்க்க வேண்டுமா? கொடுப்பதென்றால் நிபந்தனை இல்லாமல் கொடுங்கள். அவர்கள் மறுநாளே விற்றாலும் அது அவர்கள் உரிமை.

நாலரை லட்சம் என்பது அப்பாவை யாரோ குறைத்து மதிப்பிட்டதுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அது காரின் விலை மட்டும்தான். ஒரே வியாபாரியோடு நிற்காமல், பேட்டரி மாற்றி, ஆர்.சி.யைச் சரிசெய்து, இன்சூரன்ஸ் போட்டு, பென்ஸ் மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரின் அறிக்கையோடு இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். காகிதம் சுத்தமாக இருந்தாலே விலை கொஞ்சம் ஏறும்.

என் பரிந்துரை, விற்றுப் பணமாகக் கொடுப்பது. செலவழிக்காமல் மூலநிதியாக வைத்து, அதன் வட்டியில் அப்பாவின் திதி அன்று அன்னதானம் செய்யச் சொல்லலாம். அப்படியென்றால் "இது மூலநிதிக்கான நன்கொடை" என்று கடிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. இல்லையென்றால் அவர்களுக்கு எது தேவை என்று கேட்டு அதை வாங்கித் தரலாம். உங்களிடம் பேசியவரை விட்டுவிட்டு, இல்லத்தை அன்றாடம் நடத்தும் நிர்வாகியிடமே போய்க் கேளுங்கள். டிரைவர் இருக்கிறாரா, வண்டி எதற்கு வேண்டும், மாதம் டீசலுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கேட்டாலே பதில் தெரிந்துவிடும். அவர்கள் எல்லாம் யோசித்து, "இந்தக் கார்தான் வேண்டும்" என்று சொன்னால் தாராளமாகக் கொடுங்கள். மேலே சொன்ன வரிசையில் மட்டும் செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அசல் ஆர்.சி., பழைய இன்சூரன்ஸ் பாலிசி நான்கையும் எடுத்து வையுங்கள். தங்கையிடம் இந்த வாரமே பிரமாணப் பத்திரம் பற்றிப் பேசுங்கள், சிங்கப்பூரிலிருந்து அது வந்து சேரத்தான் நாள் பிடிக்கும். ஆர்.சி.யில் 15 வருடம் முடியும் தேதிக்கு முன்பே ஃபாரம் 31 வேலையை முடித்து, ஃபாரம் 25-ஐயும் கொடுத்துவிட்டால், புதுப்பிப்புக்குத் தாமதக் கட்டணம் சேராது.